படத்தின் பின்பக்கம் நான் எழுதிய நான்கு பெயர்கள்

இதை எழுதலாமா கூடாதா என்று பன்னிரண்டு வருடம் யோசித்தேன். அவசரப்பட்டு எழுதினான் என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மூன்று முறை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். மூன்று முறையும் சுழியோடு நின்றுவிட்டது. பிள்ளையாருக்கே அலுத்திருக்கும்.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு வருடா வருடம் கட்டுரை கேட்கிறார்கள். "பத்திரிகை ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்திருக்கீங்க அண்ணாச்சி, நாலு பேர் சிரிக்கிற மாதிரி எழுதுங்க" என்பார் செயலாளர். போன வருடம் சஷ்டி விரதத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன். இந்த வருடம் தப்பிக்க முடியவில்லை. காரணம் செயலாளர் அல்ல, டிவி. நமக்குக் கிழக்கே பட்டாளம் ஆளும் ஒரு நாட்டில் மறுபடியும் ஜனங்கள் தெருவில் இறங்கியிருப்பதாகக் காட்டினார்கள். ஒவ்வொரு முகத்தையும் கிட்டே போய்ப் பளிச்சென்று காட்டினார்கள். என் மனைவி கோமதி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அந்தப் பிள்ளைக மொகத்தையெல்லாம் ஏன் இப்படிக் காட்டுதாவ? வீட்டுல அம்மை அப்பன் இருக்க மாட்டாவளா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாட்டின் பெயரை எழுதமாட்டேன். மேப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கல்கத்தா கார்டன் ரீச்சில் கப்பல்களுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிரஷ் பிடிக்க மட்டும் கை வந்தது. பத்தொன்பது வயதில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படங்களுக்குப் பசை தடவச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் ரீடச்சர் ஆனேன். ரீடச்சர் என்றால் அச்சுக்குப் போகும் போட்டோவில் பிரஷ்ஷால் திருத்தம் செய்கிறவன். அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாளில் படம் சேறு மாதிரி விழும். மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நாங்கள் போட்டோவைப் பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஆறு கிண்ணங்களில் ஆறு சாம்பல் நிறம் குழைத்து, மூக்கு இருக்கும் இடத்தில் மூக்கைக் காட்டுவோம். தலைவர்களுக்கு மட்டும் தலைமுடி கொஞ்சம் கூடுதலாக வரும். அது மேலிடத்து உத்தரவு.

எங்கள் பட இலாகாவின் தலைவர் சான்யால் பாபு. காதிடுக்கில் சிவப்புப் பென்சில், தோளில் வெற்றிலைக்கறை படிந்த சால்வை. பேசும்போது யாரையும் பார்க்கமாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். அதிலும் ஒரு வினோதம். எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், இடமிருந்து வலமாக. அதைப் படித்து, கீழே தன் இரண்டெழுத்துக் கையெழுத்தைக் கிறுக்கிய பிறகுதான் முன்பக்கம் திருப்புவார்.

"முன்பக்கத்தை ஊரே பாக்கப் போகுது ஷங்கர்தா" என்பார். என் பெயர் சங்கரலிங்கம். கல்கத்தாவில் லிங்கத்தை எடுத்துவிட்டு அண்ணன் என்பதற்குப் பதில் ஒரு 'தா' சேர்த்துவிட்டார்கள். "முன்பக்கம் நீங்க என்ன வேணா பூசிக்கோங்க. பின்பக்கத்தை நாம மட்டும்தான் பாக்குறோம். அங்க பொய் இருக்கக் கூடாது." வங்காளத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். வங்காளத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கும்.

இந்த விதி எனக்கு எலும்பில் ஏறியதற்கு ஒரு காரணம் உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு விழாப் படத்துக்குச் சீட்டு எழுதும்போது வலத்தை இடமாக வைத்துவிட்டேன். மறுநாள் பத்திரிகையில் ஓர் ஆசிரமத்துச் சுவாமிஜியின் பெயர் மீன் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கும், அவர் பெயர் சுவாமிஜிக்கும் போயிருந்தது. மீன்காரர் சந்தோஷமாக இருந்தார். சுவாமிஜியின் சீடர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சான்யால் பாபு என்னைத் திட்டவில்லை. நூறு பழைய படங்களை எடுத்துக் கொடுத்து, பின்பக்கச் சீட்டுகளைத் திரும்ப எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு என் சீட்டில் ஒரு புள்ளி தவறியது கிடையாது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் ஆபீஸில் உலகத்தின் எந்த நாட்டுக்கு ஜனநாயகம் அவசரமாகத் தேவை, எந்த நாடு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது தினமும் மாலை ஐந்தரை மணிக்குத் தீர்மானமாகும். டீ வந்த பிறகு. ஆசிரியர் குழு பேசி முடித்தால் எங்களுக்குச் செய்தி வரும். நல்ல போராட்டம் என்றால் படத்தை நெருக்கி வெட்ட வேண்டும். ஓரங்கள் போய்விட்டால் நாற்பது பேர் சமுத்திரம் மாதிரி தெரிவார்கள். ஆகாத போராட்டம் என்றால் அகலமாக விட வேண்டும். நானூறு பேர் இருந்தாலும் பின்னால் காலித் தெருவும் ஒரு மாடும் தெரியும். வெளிநாட்டு ஏஜென்சிகளிலிருந்து வரும் படங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டே வரும். அவர்களுக்கும் அங்கே ஐந்தரை மணி டீ உண்டு போலிருக்கிறது.

ஊரும் சளைத்ததல்ல. வாரத்துக்கு ஒரு தூரதேசத்தைக் காப்பாற்ற எஸ்பிளனேடில் ஊர்வலம் போகும். பூமியின் மறுபக்கத்தில் குண்டு விழுந்தால் இங்கே டிராம் நிற்கும். பக்கத்து நாட்டுப் பட்டாளம் மாணவர்களைச் சுட்டால் மட்டும் அது கொஞ்சம் சிக்கலான விஷயம், ஆராய வேண்டும் என்பார்கள். டெல்லிக்கோ அந்த ஜெனரல்களோடு பேச வேறு காரியங்கள் இருந்தன. கடல் தாண்டிய பெரிய தேசங்கள் தினமும் கண்டனம் தெரிவித்தன. கண்டனத்தால் இதுவரை யாருக்கும் காயம் பட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் நாலு பிள்ளைகள் அந்த நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்து ஹவுராவில் ஒற்றை அறையில் தங்கியிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில். ஒரு நாள் எஸ்பிளனேட் நடைபாதையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு பட்டினி உட்கார்ந்தார்கள். எங்கள் போட்டோக்காரர் படம் எடுத்து வந்துவிட்டார். மத்தியானம் நாலு பேரும் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

அவர்களில் உயரமான பையன்தான் பேசினான். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ். என் நெற்றி விபூதியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான். "சாமி, நல்லா இருக்கியா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் ஊரில் நம் ஜனங்கள் கட்டிய அம்மன் கோயில் ஒன்று இருந்ததாம். சின்ன வயதில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறானாம். சாமி, பொங்கல், நல்லா இருக்கியா, இவ்வளவுதான் அவன் தமிழ். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரைவிடக் கூடுதல்.

பிறகு சான்யால் பாபுவிடம் கை கூப்பினான். "படம் போடுங்க சார். மொகம் மட்டும் வேண்டாம். வீட்ல எல்லாரும் அங்க இருக்காங்க. எங்க அக்கா ஸ்கூல் டீச்சர்."

சான்யால் பாபு உருகிவிட்டார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கண் கலங்கினார். நாலு பேருக்கும் டீயும் ஷிங்காராவும், அதாவது வங்காளத்துச் சமோசா, வரவழைத்தார். பட்டினிப் போராட்டம் என்று அவர்கள் தயங்கியதும், "அது நடைபாதையில. இது என் ரூம்" என்றார். "ஷங்கர்தா, மொகத்தை மறைச்சிடுங்க. கறுப்புப் பட்டை மட்டும் போடாதீங்க. போலீஸ் பிடிச்ச பிக்பாக்கெட் மாதிரி இருக்கும். ஜனநாயகத்துக்காக வந்த பிள்ளைங்க, அழகா மறைக்கணும்."

அழகாகத்தான் மறைத்தேன். அவர்கள் பிடித்திருந்த அட்டையின் நிழல் முகத்தில் விழுவது மாதிரி, ஆறு சாம்பலில் நாலாவதைக் குழைத்து, கண்ணிலிருந்து தாடை வரை இறக்கினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. முடிந்தபோது அந்த நாலு பேரையும் பெற்றவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. உயரமான பையன் எட்டிப் பார்த்து, "இது நானா?" என்று கேட்டுச் சிரித்தான். நான் முருகனை நினைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியத்துக்கு இந்தக் கை பயன்பட்டது என்று.

படத்தைச் சான்யால் பாபுவிடம் நீட்டினேன். அவர் திருப்பினார்.

"பின்பக்கம் காலியா இருக்கே?"

"பேர் வேண்டாம்னு சொல்றாங்க பாபு."

"அரே, பத்திரிகையில யார் போடப் போறாங்க? இது நம்ம பைலுக்கு. பின்பக்கம் நம்முது. நாளைக்கு இவங்க மந்திரி ஆனா, 'நாலு இளைஞர்கள்'னு போடுவோமா?"

நான் அவர்களிடம் போனேன். அவன் தயங்கினான். மற்ற மூவரையும் பார்த்தான். அப்போது நான் இந்தியில் சொன்னதை வார்த்தை மாறாமல் தமிழில் எழுதுகிறேன்: "ஆபீஸ் வழக்கம் தம்பி. இது வெளியே போகாது. நான் சொல்றேன்ல."

அவன் என் நெற்றியைப் பார்த்தான். பிறகு சொன்னான். நாலு பேரின் முழுப் பெயர், ஊர். எழுத்துக்கூட்டிக் கேட்டு, அவர்களிடமே காட்டிச் சரிபார்த்து, சுத்தமான கையெழுத்தில் இடமிருந்து வலமாக எழுதி ஒட்டினேன். ஒரு புள்ளி தவறவில்லை.

எங்கள் பத்திரிகையில் படம் ஏழாம் பக்கத்தில், தையல் மெஷின் விளம்பரத்துக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் வந்தது. பெயர் இல்லை. எல்லாம் சரி.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெளிநாட்டு வாரப் பத்திரிகையின் ஆள் வந்தார். சிவந்த முகம், கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. நம் தேசத்தை மதிக்கிறார் என்பது ஜிப்பாவிலேயே தெரிந்தது. எங்கள் அலமாரிகளைப் புரட்டி அந்தப் படத்தை எடுத்தார். நிழலைப் பார்த்து அசந்துவிட்டார். "அற்புதம், சர்வாதிகாரத்தின் நிழல்" என்று இங்கிலீஷில் என்னமோ சொன்னார். நாலாம் நம்பர் சாம்பல் என்று நான் சொல்லவில்லை. சான்யால் பாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைக் கையோடு கொடுத்தனுப்பினார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்துதானே படம்.

அந்த இதழ் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சான்யால் பாபு இலாகா முழுவதற்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்தார். படத்தைப் பக்கத்தோடு வெட்டி, அன்றைக்கே சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டார். "உலகம் பாத்திடுச்சு ஷங்கர்தா, உங்க பிரஷ்ஷை!" என்று எனக்கு இரண்டு சந்தேஷ். நானும் வாயில் போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து என் நிழலை ரசித்தேன். முழுப் பக்கம். ஒரு முகமும் தெரியவில்லை.

கீழே ஒரு வரி இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் நான் எழுத்துக்கூட்டி எழுதிய பெயர்கள் எனக்குத் தெரியாதா? நாலு பெயர். நாலு ஊர். இடமிருந்து வலமாக. வெளிநாட்டுக்காரர்கள் மகா ஒழுங்கானவர்கள், ஒரு எழுத்தைக்கூட விடவில்லை.

சந்தேஷை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சான்யால் பாபுவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவர் முதலில் புரியாமல் படத்தைப் பார்த்தார், பிறகு வரியைப் பார்த்தார்.

"நாம போடலையே. அவங்க போட்டிருக்காங்க" என்றார்.

"பாபு, நாம எழுதிக் கொடுத்தோம்."

"எழுதுறது நம்ம வழக்கம். போடுறது அவங்க தப்பு." சொன்னாரே தவிர, அதற்குமேல் அங்கே நிற்காமல் வராண்டாவுக்குப் போய்விட்டார். அன்று மாலையே அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சில வாரம் கழித்துப் பதில் மரியாதையாக வந்தது. துணிச்சலான இளைஞர்களின் பெயரை உலகம் அறிவதே அவர்களுக்குப் பாதுகாப்பாம். உலகம் அவர்கள் பக்கம் நிற்கிறதாம். உலகம் எந்தத் தெருவில் நிற்கிறது, அக்காவின் வீட்டுக்கு எத்தனை தூரம் என்று எழுதவில்லை.

பதில் வந்த அன்று கோமதியிடம் சொன்னேன். "கோயிலுக்குப் போய் அபிஷேகத்துக்குச் சொல்லிட்டு, அப்புறம் அந்தப் பையனைப் பாக்குறேன்" என்றேன்.

"மொதல்ல பையனைப் போய்ப் பாருங்க" என்றாள். "சாமி எங்கேயும் போயிர மாட்டாரு. நெத்தியில துன்னூறப் பாத்துத்தானே அந்தப் பிள்ள பேரச் சொன்னான்? அப்போ நீங்க சொன்ன வாக்கா அது, சாமி சொன்ன வாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பாபுகாட்டில் படகேறி ஹவுரா போனேன். பட்டறைகளுக்கு நடுவே மூன்றாவது மாடி. அவன் மட்டும் இருந்தான். ஸ்டவ்வில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "சாமி, நல்லா இருக்கியா?" என்று கேட்டான். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"தம்பி, அந்தப் படம்..."

"தெரியும்." உடைந்த இந்தியில் மெதுவாகச் சொன்னான். எல்லையிலிருந்து வந்த ஒருவன் மூலம் தகவல் வந்திருந்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பட்டாள ஆபீஸில் போய் உட்கார வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை. சில திங்கட்கிழமைகளில் கேள்வி கேட்பார்கள், சிலவற்றில் கேட்கமாட்டார்கள். மேஜைமேல் அந்த இதழ் இருக்குமாம்.

நான் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறிப்போய் என்னைத் தூக்கினான். பிறகு அவன் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. "அக்காகிட்ட படத்தைக் காட்டி, இதுல உன் தம்பி யார்னு கேட்டிருக்காங்க. அக்கா தெரியலன்னு சொல்லியிருக்கா. அது பொய் இல்ல சாமி. அவளுக்கு நிஜமாவே தெரியல. நீ அவ்வளவு நல்லா வரைஞ்சிருக்க."

அதற்குமேல் ஒன்றுதான் கேட்டான். "உங்க ஆபீஸ்ல எங்க படம் இன்னும் இருக்கா? பின்னாடி பேரோட?"

இருந்தது. பட்டினி உட்கார்ந்த படங்கள், பிற கூட்டங்களில் எடுத்தவை என்று அந்த நாட்டுப் பிள்ளைகளின் படம் ஒரு டிராயர் நிறைய. எல்லாம் என் கையெழுத்து.

திங்கட்கிழமை காலை குளித்து, விபூதி பூசாமல் ஆபீஸ் போனேன். அலமாரியைத் திறந்து அந்த டிராயரை என் மேஜைக்குத் தூக்கிவந்தேன். ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் போட்டு, சீட்டைத் தண்ணீர் தொட்டு உரித்து, உரிந்த இடத்தில் எழுத்து அழுந்திய தடம் தெரியாமல் கெட்டியான வெள்ளையை இரண்டு பூச்சு பூசினேன். முப்பது வருட உத்தியோகத்தில் பின்பக்கம் பிரஷ் வைத்தது அந்த ஒரு நாள்தான். அங்கே அக்கா ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சான்யால் பாபு வந்தார். என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த படங்களைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆபீஸ் சொத்தை அழித்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது இரண்டு பெண்கள் பள்ளியில்.

"இது என்ன ஷங்கர்தா?"

"பின்பக்கம் அழுக்கா இருந்தது பாபு. சுத்தம் பண்ணினேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு படத்தை எடுத்தார். வழக்கம் போல முதலில் திருப்பினார். வெறும் வெள்ளை. அதையே வெகுநேரம், படிக்கிற மாதிரி பார்த்தார். பிறகு காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து, வெள்ளையின் கீழே தன் இரண்டெழுத்தைக் கிறுக்கினார். அடுத்த படத்தை எடுத்தார். டிராயர் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டு முடித்து, பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அவர் நாற்காலிக்கு மேலே இருந்த சட்டம் தூசி தட்டுவதற்காக இறக்கப்பட்டது. அவர் ஓய்வு பெறும் வரை அந்தத் தூசி தீரவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பாலைவன தேசத்துக்கு விமானத்திலிருந்து ஜனநாயகம் போட்டார்கள். அந்தப் படங்கள் நெருக்கி வெட்டப்பட்டே வந்தன. எஸ்பிளனேடில் டிராம் நின்றது. ஐந்தரை மணிக்கு டீ வந்தது.

உயரமான பையன் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்குப் போய்விட்டான். நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் "சாமி, நல்லா இருக்கியா" என்று ஒரு வரி. அக்கா இப்போது திங்கட்கிழமை போக வேண்டியதில்லை, வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறாள் என்று இன்னொரு வரி. கீழே கையெழுத்து இல்லை. கற்றுக்கொண்டுவிட்டான். அந்தக் கார்டு எங்கள் பூஜை அலமாரியில், வேலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். சுவைக்காக ஓர் ஊரையோ ஒரு பெயரையோ சேர்த்துவிடாதீர்கள். அந்த நாலு பெயரும் எனக்கு இன்றும், இடமிருந்து வலமாக, ஒரு புள்ளி தவறாமல் ஞாபகம் இருக்கின்றன. கோமதி கேட்டும் நான் சொன்னதில்லை. யாராவது உங்களைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது. அதற்காகத்தான் இதை இப்படி எழுதியிருக்கிறேன்.